பாலும் புலாலும்: சிராங்கூன் சாலை காட்டும் வரலாறு

சிங்கப்பூர் வீரமாகாளியம்மன் கோயிலை ஒட்டிச் செல்லும் தெருவுக்குப் பெலிலியோஸ் சாலை என்று பெயர். பெலிலியோஸ், கல்கத்தாவைச் சேர்ந்த யூத வணிகர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்தில் கால்நடை வாணிகம் நடத்திப் பொருள் ஈட்டியவர். அக்காலத்தில் சிராங்கூன் சாலை மாட்டுத் தொழுவங்களும் பால்காரர்களும் நிறைந்த இடமாயிருந்தது. எருமையின் பெயரால் ஆங்கிலத்தில் ஒரு சாலையும் மலாயில் ஒரு சாலையும் (கெர்பாவ் சாலை) அருகருகே அமைந்திருப்பதே அதற்குச் சான்று. தொழுவங்கள் மறைந்தன, பெயர்கள் நிலைத்தன.

காளி கோயிலருகே யூதர் பெயர் வழங்குவது வியப்பன்று. சிராங்கூன் சாலையைத் தொடர்ந்து வரும் சிலிகி சாலை, மிடில் சாலை, வில்கி சாலைப் பகுதிகளில் பாக்தாத் யூதர்கள் திரளாக வாழ்ந்தனர். அப்பகுதியை அவர்கள் ‘மகல்லா’ என்றனர். தமிழ் முஸ்லிம்கள் பள்ளிவாசலைச் சூழ்ந்த குடியிருப்புக்கு வழங்கும் அதே அரபுச் சொல். வாட்டர்லூ தெருவிலுள்ள அவர்களது மகேன் அபோத் தொழுகைக்கூடம் 1878-ல் திறக்கப்பட்டது. 1924-ல் சிலிகி சாலையில் எழுந்த எல்லிசன் கட்டடம் தாவீதின் அறுமுனை விண்மீனை முகப்பிலே தாங்கி நின்றது. அதே ஆண்டில், அதே சாலையில், ஆனந்த பவன் என்னும் தமிழர் சைவ உணவகமும் தோன்றியது. சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் பிறந்தது 1947-ல்.

உணவில் கட்டுப்பாடுடைய இரு சமூகங்கள் இவ்வாறு அக்கம்பக்கத்தில் வாழ்ந்தன. எனினும் அக்கட்டுப்பாடுகளின் வேர் ஒன்றன்று. குட்டியை அதன் தாயின் பாலிலே வேகவைத்தல் ஆகாது என்னும் விலக்கு, யாத்திராகமத்தில் இருமுறையும் உபாகமத்தில் ஒருமுறையும் வருகிறது. மும்முறை வருவதால் சமைத்தல், உண்ணல், பயன்பெறல் ஆகிய மூன்றுமே தடுக்கப்பட்டன என யூத அறிஞர் பொருள் கண்டனர். ஆகவே பாலுக்கும் இறைச்சிக்கும் தனித்தனிக் கலங்கள். இறைச்சி உண்டபின் பால் தொடப் பலரிடையே ஆறு மணி நேர இடைவெளி. கல்கத்தா, கொச்சி யூதர்களுக்கோ தேங்காய்ப்பால் கைகொடுத்தது. அது பால் போலிருந்தும் பாலன்று. இறைச்சிக் குழம்பில் அச்சமின்றிச் சேர்க்கலாம்!

ஒரே கடையில் இரண்டு அடுக்களை நடத்துவது எளிதன்று. ஆதலால் யூத உணவகங்கள் ஏதேனும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தன. இறைச்சியை அறவே விலக்கிப் பாலும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் பரிமாறிய ‘பால் உணவகங்கள்’ நியூயார்க்கில் பெருகின. அவற்றுள் புகழ்பெற்ற ராட்னர்ஸ் 1905 முதல் 2002 வரை நடந்தது. இவற்றைச் சைவ உணவகம் என்று கருதினால் பிழையாகும். அங்கே மீனும் முட்டையும் தாராளமாக உண்டு. அவர்கள் விலக்கியது கலப்பை. நம் சைவர் விலக்கியது கொலையை.

அப்படியாயின் நெறி வழுவாத யூதர் ஒருவர் தமிழர் கடையிலே தோசை உண்ணலாமா? புலாலே நுழையாத அடுப்பாதலால் பெருஞ்சிக்கல் ஒன்று தானே தீர்ந்துவிடுகிறது. ஆயினும் கீரையிலும் பருப்பிலும் பூச்சியின்மை ஆராயப்பட வேண்டும். சிலவகைச் சமையலுக்கு யூதரே அடுப்பு மூட்ட வேண்டும். எனவே மேற்பார்வையாளர் ஒருவர் வேண்டும். நியூயார்க்கில் லெக்சிங்டன் அவென்யூவில் மெட்ராஸ் மகால், பொங்கல் போன்ற தென்னிந்தியக் கடைகள் அத்தகைய மேற்பார்வைக்கு உட்பட்டுக் கோஷர் சான்று பெற்றன. தோசை தின்னத் தமிழரும் யூதரும் ஒரே கூடத்தில் அமர்ந்தனர்.

இங்கே சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. முன்பின் அறியாத அடுக்களையை உண்பவர் எவ்வாறு நம்புவது? தமிழகத்தில் நெடுங்காலம் அந்நம்பிக்கை சமைப்பவரின் சாதியின்மேல் வைக்கப்பட்டது. உணவகப் பலகைகளில் ‘பிராமணாள்’ என்னும் சொல் அதனாலேயே இடம்பெற்றது. 1957-ல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்ததும் அச்சொல்லை எதிர்த்தே. கோஷர் சான்று பெரும்பாலும் செயலைச் சோதிக்கிறது. பலகையோ பிறப்பைப் பறைசாற்றியது. அடுப்பு மூட்டுவது யார் என்று யூத நெறியும் கேட்பதுண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் உண்ண வருபவரின் குலத்தை அது கேட்பதில்லை.

சிங்கப்பூரில் மகல்லா கலைந்துவிட்டது. 2007-ல் மகேன் அபோத் வளாகத்தில் எழுந்த ஜேக்கப் பாலஸ் நிலையம் கோஷர் உணவுக்கும் கோஷர் பொருள்களுக்கும் இடம் தந்தது. அத்தெருவிலேயே கிருஷ்ணன் கோயிலும் உண்டு. சிராங்கூன் சாலையின் சைவ உணவகங்கள் அங்கிருந்து நடைதொலைவே.