சுட்டபின் எஞ்சும் உறை

வரலாறு என்றவுடன் மன்னர்களையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் நினைப்பது மாணவர்களின் வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் மிகச் சிறியது. விரல் அளவே உள்ள ஒரு பித்தளைக் குழாய். ரைபிளால் சுட்டபின் ஈயக்குண்டு பறந்துவிடுகிறது. மருந்து புகையாகிவிடுகிறது. தீப்பொறி தந்த கேப்பு நசுங்கிப் போகிறது. எஞ்சி நிற்பது வெற்று உறை ஒன்றே. தோட்டாவின் உறுப்புகளுள் செய்வதற்கு அரியதும் விலை மிகுந்ததும் அதுவே. அதைக் குனிந்து பொறுக்கி, மீண்டும் மருந்து கெட்டித்தவர்கள் யாவர், அதனால் விளைந்தது யாது என்பதைச் சிறிது காண்போம்.

முதலில் தோட்டா காகிதத்தால் ஆயது. 1857-ஆம் ஆண்டுப் புரட்சியைப் படித்த மாணவர்கள் அதை அறிவார்கள். 1853-ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டுத் துப்பாக்கிக்குரிய கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டியிருந்தது. பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் அதில் உண்டு என்ற செய்தி பரவியதால் எழுந்த கொந்தளிப்பை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: காகிதத் தோட்டாவைச் சுட்டபின் எடுத்து வைத்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

உலோக உறை வந்தபின் நிலைமை மாறியது. குண்டு, மருந்து, கேப்பு மூன்றையும் ஒரே உறையில் அடக்கித் துப்பாக்கியின் பின்புறமாகச் செருகும் முறை தோன்றிற்று. உறையின் அடியில் கேப்பைப் பொருத்துவது எவ்வாறு? 1866-ஆம் ஆண்டையொட்டி இருவர் இதற்குத் தனித்தனியே விடை கண்டனர். பாக்ஸர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி உறையின் அடியில் நடுவே ஒரே துளை வைத்தார். பெர்டன் என்ற அமெரிக்கர், கேப்பு மோதி வெடிப்பதற்கான சிறு பட்டடையை உறையோடு சேர்த்தே அமைத்து, அதன் இருபக்கமும் நுண்ணிய துளைகள் இட்டார். பெண் கொடுத்துப் பெண் எடுத்தாற்போல, ஆங்கிலேயர் கண்ட முறை அமெரிக்காவிலும், அமெரிக்கர் கண்ட முறை ஐரோப்பாவிலும் நிலைபெற்றன. இதில் ஒரு பெரிய விளைவு அடங்கியுள்ளது. பாக்ஸர் உறையின் வாய்வழியே ஒரு கம்பியை விட்டுத் தட்டினால் பழைய கேப்பு கழன்று விழும். பெர்டன் உறையிலோ கம்பி நடுவிலுள்ள பட்டடையில் முட்டி நிற்கும். ஆகவே, வீட்டிலேயே தோட்டாவைப் புதுப்பிக்கும் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியதற்கு, அந்த ஒற்றைத் துளை பெரிதும் துணை நின்றது.

புதுப்பிக்கும் முறை எளியது. ஆனால் பொறுமை வேண்டுவது. கருமருந்தின் கரி பித்தளையை அரித்துவிடும். ஆதலால் சுட்ட உறையை அன்றே கழுவி, நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களைப் போலத் துலக்க வேண்டும். வெடித்த வேகத்தில் விரிந்த உறையை எஃகு அச்சிலிட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பின்னர்ப் புதிய கேப்பு, அளந்த மருந்து, ஈயத்தை உருக்கி வார்த்த குண்டு. இவ்வளவே. பலமுறை பயன்பட்டபின் உறையின் கழுத்து வெடிக்கும். அப்போது அது பழம்பித்தளை. (இது வரலாற்றுப் பாடமேயன்றிச் செய்முறைப் பாடம் அன்று. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் உரிமமின்றித் தோட்டா செய்வதைத் தடுக்கிறது.)

செலவுக் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்கப் படை 1873-இல் ஏற்ற ஸ்பிரிங்பீல்டு ரைபிளின் தோட்டாவுக்கு 45–70–405 என்று பெயர். குழலின் விட்டம் ஓர் அங்குலத்தில் நூற்றில் 45 பங்கு. மருந்து 70 கிரெய்ன். குண்டு 405 கிரெய்ன். நம் பொற்கொல்லர்க்குக் குன்றிமணி எப்படியோ அப்படியே ஆங்கிலேயர்க்குக் கிரெய்ன் என்பது ஒரு தானிய மணியின் எடை. 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. எனவே ஒரு பவுண்டு மருந்தில் சரியாக 100 தோட்டாக்கள் ஆகும். ஒரு பவுண்டு ஈயத்தில் 17 குண்டுகள் வார்க்கலாம். மருந்தும் ஈயமும் மலிவாக மொத்தத்தில் கிடைப்பவை. பித்தளை உறையையோ ஒருமுறை வாங்கிப் பலமுறை ஆளலாம். இந்தக் கணக்கை யாரும் கற்றுக்கொடுக்காமலே நன்கு அறிந்திருந்தவர்கள் அமெரிக்கச் சமவெளியின் எருமை வேட்டைக்காரர்கள்.

1872-இல் இரயில் பாதை கான்சாஸ் மாநிலத்து டாட்ஜ் நகரை அடைந்தது. தோலுக்குச் சந்தை திறந்தது. வேட்டைக்காரர்கள் ஷார்ப்ஸ் முதலிய கனத்த ரைபிள்களுடன் புறப்பட்டனர். ஒரு தோலுக்குக் கிடைத்தது சில டாலர்களே. ஆகையால் ஒவ்வொரு குண்டின் செலவும் இலாபத்தைக் கடித்தது. வண்டிகளில் மருந்துப் பீப்பாய்களையும் ஈயக் கட்டிகளையும் ஏற்றிச் சென்று, பகலில் சுட்ட உறைகளை இரவில் கூடாரத்து நெருப்பருகே மறுபடி கெட்டித்தனர். சிக்கனத்தை நற்பண்பு என்றே நாம் வகுப்பில் போதிக்கிறோம். இங்கு அச்சிக்கனம் செய்த வேலையைப் பாருங்கள். ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் திரிந்த விலங்கு, 1889-இல் ஹார்னடே என்ற விலங்கியலார் கணக்கெடுத்தபோது, மொத்தம் 1,091 மட்டுமே. அந்த எருமையை நம்பி வாழ்ந்த பழங்குடி மக்களின் வாழ்வும் அதனுடன் சரிந்தது. குண்டு விலை உயர்ந்ததாகவே இருந்திருந்தால் அவ்வழிவு நின்றிருக்கும் என்று நான் கூறவில்லை. இவ்வளவு விரைந்திருக்காது என்றே கருதுகிறேன்.

இப்பொழுது கணக்குத் தலைகீழாகிவிட்டது. அக்காலத்து ரைபிள்களைப் போற்றி வைத்திருப்போர் மேலை நாடுகளில் பலர். அத்துப்பாக்கிகள் பலவற்றுக்கு உரிய தோட்டாவைத் தொழிற்சாலைகள் செய்வது அரிது. செய்தாலும் விலை மிகுதி. 1871-இல் பிரிட்டிஷ் படை ஏற்ற மார்ட்டினி–ஹென்றி ரைபிளுக்கு, 24 எண் வேட்டைத் துப்பாக்கியின் பித்தளை உறையை அச்சிலிட்டுக் கழுத்தை ஒடுக்கி உறை செய்துகொள்கிறார்கள். அன்று பணத்தை மிச்சப்படுத்தச் செய்ததை இன்று துப்பாக்கி ஊமையாகாதிருக்கச் செய்கின்றனர். கருமருந்துக்கெனச் செய்த பழைய குழலில் புகையில்லா மருந்தைக் கருமருந்தின் அளவுக்கு இட்டால் குழலே வெடித்துவிடும். ஆகவே பழைய துப்பாக்கிக்குப் பழைய மருந்து என்பதே அவர்களுள் அறிந்தவர் கொள்ளும் வழி.

படைகளுக்கோ வெற்று உறையில் வேறு அக்கறையும் உண்டு. இந்தியாவின் வடமேற்கு எல்லையில் மலைவாழ் மக்கள் சிப்பாய்கள் விட்டுச்சென்ற உறைகளைப் பொறுக்கி மருந்திட்டு, அவர்கள் மீதே திருப்பிச் சுட்டனர். எத்தனை தோட்டா கொடுக்கப்பட்டது, எத்தனை உறை திரும்பியது என்று கணக்கு வைப்பது படையின் ஒழுங்கு. நான் பணியாற்றிய பள்ளியில் தேசிய மாணவர் படைச் சிறுவர்கள் சுடும் பயிற்சி முடிந்ததும், ஹவில்தார் உறைகளை எண்ணி முடிக்கும்வரை ஒருவரும் திடலை விட்டு நகர இயலாது. நினைவுக்கு ஒன்று வேண்டும் என்று கேட்ட சிறுவனுக்குக் கிடைத்தது வசவு.

எண்ணப்படாமல் மண்ணில் கிடந்த உறைகளும் ஒரு நாள் பேசுகின்றன. 1876-ஆம் ஆண்டு ஜூன் 25-இல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டரின் படை சூ, செயேன் முதலிய பழங்குடியினரிடம் அழிந்தது. 1983-இல் அங்கே ஒரு தீ புல்வெளியை எரித்தது. அடுத்த ஆண்டு அகழ்வாய்வாளர்கள் உறைகளையும் குண்டுகளையும் கிடந்த இடத்திலேயே குறித்தனர். ஒவ்வொரு துப்பாக்கியின் ஊசியும் கேப்பில் பதிக்கும் தடம் தனித்தன்மையுடையது. அதைக்கொண்டு ஒரே துப்பாக்கி எங்கிருந்து எங்கு நகர்ந்தது என்று நூற்றாண்டுக்குப் பின்னும் கண்டனர்.

எண்ணப்பட்ட உறைகள் சொல்லும் வரலாறு நமக்கு இன்னும் அண்மையது. 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று, அமிருதசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் ஜெனரல் டயரின் ஆணைப்படி 50 ரைபிள்கள் ஏறத்தாழப் பத்து நிமிடம் சுட்டன. சுடப்பட்டவை 1,650 தோட்டாக்கள். ஒரு ரைபிளுக்குச் சரியாக 33. வீரர்கள் பொறுக்கிய வெற்று உறைகளை எண்ணியே இத்தொகை பெறப்பட்டது என்று கருதப்படுகிறது. மறுநாள் டயர் அனுப்பிய அறிக்கையிலேயே அந்த எண் துல்லியமாக இருந்தது. இறந்தவர் தொகையோ, அதே அறிக்கையில், 200-க்கும் 300-க்கும் இடையே என்ற மதிப்பீடாக இருந்தது. இறந்தவர் யார் யார் என்று அரசு ஊர்மக்களிடம் விவரம் கேட்டபோது ஜூலை மாதம் ஆகியிருந்தது. அரசு பின்னர் 379 என்றது. காங்கிரஸ் விசாரணை ஏறத்தாழ 1,000 என்றது. இன்றுவரை அந்த இரண்டாம் கணக்கு முடிவாகவில்லை.