லான்சோ நூடுல்ஸ்: பெயர் ஓர் ஊருக்கு, உழைப்பு இன்னோர் ஊருக்கு

சீனாவின் பெரிய நகரம் எதுவானாலும், கடைத்தெருவில் கொஞ்ச தூரம் நடந்தால் "லான்சோ லாமியன்" என்று பலகை மாட்டிய சின்னக் கடை ஒன்று கண்ணில் படும். நாலைந்து மேஜைகள், கொதிக்கும் பெரிய அண்டா, மாவை இரு கைகளாலும் இழுத்து இழுத்து நூலாக்கும் ஓர் இளைஞர். ஐந்து நிமிடத்தில் ஆவி பறக்கும் மாட்டிறைச்சி சூப்பில் நூடுல்ஸ் தயார்!

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தக் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துபவர்கள் லான்சோக்காரர்களே அல்ல. லான்சோ மக்களோ அந்த உணவை "லாமியன்" என்று அழைப்பதும் இல்லை. அவர்களுக்கு அது வெறும் "நியூரோ மியன்", அதாவது மாட்டிறைச்சி நூடுல்ஸ். இந்தக் குழப்பம் எப்படி வந்தது?

தினையில் தொடங்கிய கதை

"லா" என்றால் இழுப்பது, "மியன்" என்றால் நூடுல்ஸ். ஜப்பானின் "ராமென்" என்ற சொல்லும் இதிலிருந்து வந்ததாகவே பலரும் கருதுகிறார்கள்.

சிங்ஹாய் மாகாணத்தில் லாஜியா என்ற இடத்தில், மஞ்சள் ஆற்றின் கரையில், சுமார் 4000 ஆண்டுகள் பழமையான நூடுல்ஸ் கிடைத்ததாக 2005ல் 'நேச்சர்' இதழ் செய்தி வெளியிட்டது. கவிழ்ந்து கிடந்த மண் கிண்ணத்துக்குள் மெல்லிய மஞ்சள் இழைகள்! தினையும் பனிவரகும் கலந்த மாவில் செய்தவை என்றது அந்த ஆய்வு. தினை மாவைப் பிசைந்தால் இழுவை வராது, பிறகு எப்படி அவ்வளவு நீள இழை வந்திருக்கும் என்று பின்னர் வேறு ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். இழுவை வேண்டுமென்றால் கோதுமை வேண்டும். கோதுமையோ மேற்காசியாவில் இருந்து சீனாவுக்கு வந்த பயிர்.

தோள் சுமையில் வந்த சூப்

கான்சு மாகாணத்தின் தலைநகரமான லான்சோ, பழைய பட்டுப் பாதையில் மஞ்சள் ஆற்றங்கரையில் இருக்கிறது. சீன மொழி பேசும் முஸ்லிம்களான ஹுய் இன மக்கள் இங்கு அதிகம். லான்சோ நூடுல்ஸை இன்றைய வடிவில் பிரபலமாக்கியவர் மா பாவோசி என்ற ஹுய் இனத்தவர். 1915ல் அவர் தொழில் தொடங்கியதாகச் சொல்வது வழக்கம். ஆரம்பத்தில் காவடி போல் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர், பிறகு கடை வைத்தார். ஹுய் கடை என்பதால் பன்றி இறைச்சி கிடையாது. மாட்டு எலும்பையும் இறைச்சியையும் நெடுநேரம் கொதிக்க வைத்து எடுத்த சூப்தான் அதன் உயிர்.

நல்ல கிண்ணத்துக்கு ஐந்து இலக்கணங்கள் சொல்வார்கள். சூப் தெளிவாக இருக்க வேண்டும். முள்ளங்கித் துண்டு வெள்ளை. மிளகாய் எண்ணெய் சிவப்பு. கொத்தமல்லியும் பூண்டுத் தாளும் பச்சை. நூடுல்ஸ் இளமஞ்சள்.

அந்த மஞ்சளுக்குக் காரணம் முட்டை அல்ல, சாம்பல்! வறண்ட நிலத்தில் வளரும் ஒரு செடியை எரித்துக் கிடைக்கும் சாம்பலைக் கரைத்து மாவில் சேர்ப்பார்கள். அதன் வேலை ஏறக்குறைய நம் அப்பளக்காரத்தின் வேலைதான். மாவு அறுபடாமல் நீளும், நிறமும் மாறும். இப்போது பெரும்பாலும் கடையில் விற்கும் பொடியே பயன்படுகிறது.

மாவை இழுத்து இரண்டாக மடித்தால் இழைகள் இரட்டிக்கும். 2, 4, 8 என்று எட்டாவது மடிப்பில் 256 இழைகள்! எவ்வளவு மெல்லியதாக வேண்டும் என்பதைச் சாப்பிட வருபவரே சொல்லலாம். முடி போல் மெல்லியது, பூண்டுக் கீரை இலை போல் தட்டையானது, பெல்ட் போல் அகலமானது, முக்கோண விளிம்பு கொண்டது என்று வகைகள் உண்டு. லான்சோவில் இது காலை உணவு. பணம் கட்டி, சீட்டு வாங்கி, சமையலறை ஜன்னலில் கொடுத்து, கிண்ணத்தை அவரவரே எடுத்துக்கொண்டு போய் உட்கார வேண்டும்.

2007 ஜூனில் பெரிய கிண்ணம் 2.50 யுவானில் இருந்து 3 யுவானாக ஏறியபோது ஊரே கொதித்தது. சாதாரணக் கடைகளில் 2.50 யுவானுக்கு மேல் விற்கக் கூடாது என்று நகர நிர்வாகம் உத்தரவு போட்டது. சந்தை விலையில் அரசு தலையிடலாமா என்று சீனா முழுக்க விவாதம் நடந்தது. அரை யுவானுக்காக இத்தனை சண்டையா என்று தோன்றலாம். தினமும் இதைச் சாப்பிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஊர் விட்டு ஊர் போனவர்கள்

இந்த உணவை நாடு முழுக்கக் கொண்டு போனவர்கள் யார்? பக்கத்து மாகாணமான சிங்ஹாயின் ஹுவாலோங் மாவட்டத்து ஹுய், சாலார் இன மக்கள். மலையும் வறட்சியும் சூழ்ந்த ஏழை மாவட்டம் அது. 1980களின் இறுதியில் அங்கிருந்து சிலர் தென்கிழக்குக் கடற்கரை நகரமான சியாமெனுக்குப் போய் நூடுல்ஸ் கடை போட்டார்கள். ஹுவாலோங் என்றால் அங்கே யாருக்குத் தெரியும்? எல்லோருக்கும் தெரிந்த பெயர் லான்சோ. அதையே பலகையில் எழுதினார்கள்.

கணவர் மாவு இழுப்பார், மனைவி பரிமாறுவார். ஊரிலிருந்து வரும் உறவுக்காரப் பையன் பாத்திரம் கழுவிக்கொண்டே தொழில் கற்பான். சில வருடங்களில் கடன் வாங்கித் தனிக்கடை போடுவான். இப்படியே ஹுவாலோங் மக்களின் கடைகள் பத்தாயிரத்தைத் தாண்டின. எத்தனையோ குடும்பங்கள் வறுமையில் இருந்து மீண்டது இந்த மாவு உருண்டையால்தான்.

லான்சோக்காரர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. "அது எங்கள் ருசியே இல்லை, எங்கள் பெயர் கெடுகிறது" என்பது அவர்கள் குறை. சூப்பின் பக்குவத்தை நினைத்தால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பெயரை மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்த்ததும் அதே ஹுவாலோங் மக்கள்தானே? பின்னாளில் அவர்களில் சிலர் தங்கள் ஊர்ப் பெயரையே பலகையில் எழுதத் தொடங்கினார்கள்.

2021ல் லான்சோ மாட்டிறைச்சி நூடுல்ஸ் செய்யும் கலை சீனாவின் தேசிய மரபுக் கலைகளின் பட்டியலில் சேர்ந்தது. பெருமை லான்சோவுக்குப் போனது சரிதான், அது அந்த ஊரில் வளர்ந்த கலை. ஆனால் உணவின் வரலாற்றை எழுதும்போது சமைத்தவர் பெயரோடு, அதைச் சுமந்து ஊர் ஊராகப் போனவர்கள் பெயரையும் எழுத வேண்டும். மா பாவோசியும் ஒரு காலத்தில் தோளில் சுமந்து விற்றவர்தான்!