பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் உடன்படிக்கை (1918)

முதல் உலகப் போரிலிருந்து விலகுவதற்காக ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, பல்கேரியா, உதுமானியப் பேரரசு ஆகிய நான்கு நாடுகளுடன் சோவியத் ரஷ்யா 1918 மார்ச் 3 அன்று செய்துகொண்ட சமாதான ஒப்பந்தம் இது. கையெழுத்தான இடம் பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் கோட்டை. இன்றைய பெலாரஸில், போலந்து எல்லையை ஒட்டி இருக்கிறது. ஒப்பந்தம் நீடித்தது எட்டு மாதங்கள்தான். ஜெர்மனியும் ரஷ்யாவும் ஒன்றையொன்று எப்படி எடைபோட்டன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் அந்தக் காலகட்டத்தில் வேறில்லை. எதிரே அமர்ந்திருக்கும் அரசு சீக்கிரமே கவிழ்ந்துவிடும் என்று இரு தரப்புமே கணக்குப் போட்டிருந்தன.

பின்னணி

போருக்கு முன் இரு அரச குடும்பங்களும் உறவு முறையில் பிணைந்திருந்தன. ஜார் இரண்டாம் நிக்கோலாயின் மனைவி அலெக்சாந்திரா, ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்குச் சித்தி மகள். 1914 ஜூலைக் கடைசியில் இரு மன்னர்களும் செல்லப்பெயரிட்டுத் தந்தி அனுப்பிக்கொண்டார்கள். அந்தத் தந்திகள் எதையும் தடுக்கவில்லை. ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனி ரஷ்யாமீது போர் அறிவித்தது.

ரஷ்யாவைப் போர்முனையில் முழுமையாக வெல்ல முடியாத ஜெர்மனி, அதை உள்ளிருந்தே தளர வைக்கும் வழியைத் தேடியது. 1917 ஏப்ரலில், சுவிட்சர்லாந்தில் இருந்த லெனினையும் தோழர்களையும் தன் நிலப்பரப்பு வழியே ரயிலில் செல்ல அனுமதித்தது. நவம்பரில் ஆட்சியைப் பிடித்த லெனினின் போல்ஷெவிக்குகள் மறுநாளே சமாதான ஆணையை வெளியிட்டார்கள். அது அரசுகளோடு சேர்த்து மக்களையும் நேரடியாக விளித்தது. டிசம்பர் 15 அன்று போர்நிறுத்தம் கையெழுத்தானது.

பேச்சுவார்த்தை

கிழக்கு முனையின் ஜெர்மன் தலைமையகம் பிரெஸ்ட் கோட்டையில் இருந்தது. நகரமோ, 1915இல் ரஷ்யப் படை பின்வாங்கும்போது மூட்டிய தீயில் எரிந்து கிடந்தது. அடோல்ஃப் யோஃபே தலைமையில் வந்த சோவியத் தூதுக்குழுவைப் போன்ற ஒன்றை ஐரோப்பிய ராஜதந்திரம் அதுவரை கண்டதில்லை. தளபதி ஒருவரைச் சுட்டுக் கொன்று சிறை சென்ற புரட்சியாளர் அனஸ்தசியா பிட்சென்கோ அதில் இருந்தார். தொழிலாளி, படைவீரர், கடற்படை மாலுமி என்று வர்க்கத்துக்கு ஒருவர் வேண்டுமென்று சேர்த்திருந்தார்கள். புறப்படும் வேளையில்தான் குழுவில் விவசாயி இல்லை என்பது உறைத்ததாம். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் தெருவில் கண்ட முதியவர் ஒருவரைக் காரில் ஏற்றிக்கொண்டார்கள் என்பது அந்நாளைய நினைவுக்குறிப்புகள் தரும் செய்தி. கிழக்கு முனையின் ஜெர்மன் தலைமைத் தளபதியான பவேரிய இளவரசர் லியோபோல்டு அளித்த விருந்தில் இவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உண்டார்கள்.

சமாதானப் பேச்சு டிசம்பர் 22 அன்று தொடங்கியது. நிலம் பறிக்காத சமாதானம் என்ற சோவியத் கோட்பாட்டை, ஜெர்மன் வெளியுறவுச் செயலர் ரிச்சர்ட் ஃபான் கியூல்மன் கிறிஸ்துமஸ் அன்று நிபந்தனையுடன் ஏற்றார். ரஷ்யர்கள் மகிழ்ந்தார்கள். சில நாள் கழித்து, ஜெர்மன் தளபதி மாக்ஸ் ஹோஃப்மன் சாப்பாட்டு மேசையில் யோஃபேயிடம் உண்மையை உடைத்தார். போலந்தும் லித்துவேனியாவும் கூர்லாந்தும் ‘தாமாகவே’ ரஷ்யாவிலிருந்து பிரிந்துவிட்டனவாம், அதனால் அது நிலப்பறிப்பு ஆகாதாம். தம் தரப்பு முழங்கிய சுயநிர்ணய உரிமை என்ற சொல்லை எதிரியே கையில் எடுத்தது யோஃபேயை நிலைகுலைய வைத்தது.

ஜனவரியில் சோவியத் வெளியுறவு ஆணையர் டிராட்ஸ்கி வந்தார். பொது விருந்துகளை நிறுத்தினார், பேச்சை முடிந்தவரை இழுத்தார். பெர்லினிலும் வியன்னாவிலும் புரட்சி வெடிக்கும் என்பது அவர் நம்பிக்கை. உடன் வந்த கார்ல் ராடெக், ஜெர்மன் சிப்பாய்களுக்கே துண்டறிக்கைகளை நீட்டினார். அந்த மாதம் இரு நகரங்களிலும் பெரும் வேலைநிறுத்தங்கள் நடக்கத்தான் செய்தன. ஆனால் அரசுகள் தாக்குப்பிடித்தன. ஜனவரி 18 அன்று ஹோஃப்மன், எல்லைக்கோடு வரைந்த வரைபடத்தை மேசைமீது விரித்தார்.

பிப்ரவரி 9 அன்று நான்கு நாடுகளும் உக்ரைனுடன் தனி ஒப்பந்தம் செய்துகொண்டன. பசியில் வாடிய வியன்னாவுக்குத் தானியம் தேவைப்பட்டது, உக்ரைன் பத்து லட்சம் டன் தருவதாக ஒப்புக்கொண்டது. மறுநாள் டிராட்ஸ்கி, ரஷ்யா போரை முடித்துக்கொள்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாது என்று அறிவித்துவிட்டு எழுந்தார். துணிச்சலான அறிவிப்புதான், ஆனால் அதற்குப் பின்னே நிற்கப் படை இல்லை.

கையெழுத்து

பிப்ரவரி 18 அன்று ஜெர்மன் படை முன்னேறத் தொடங்கியது. எதிர்ப்பே இல்லாததால், வீரர்கள் ரயிலேறிப் போய் ஊர் ஊராகப் பிடித்தார்கள். 23ஆம் தேதி முன்பைவிடக் கடுமையான நிபந்தனைகள் வந்து சேர்ந்தன. ஏற்காவிட்டால் பதவி விலகுவேன் என்று லெனின் மிரட்டினார். போல்ஷெவிக் கட்சியின் மையக்குழுவில் ஆதரவு 7, எதிர்ப்பு 4, நடுநிலை 4. அரசைக் காப்பாற்ற நிலத்தை விடலாம் என்ற அவரது முடிவு கொடூரமானதுதான். ஆனால் அன்றைய நிலையில் அரசைக் காக்கும் வழி அது ஒன்றுதான்.

சோவியத் தரப்பில் கிரிகோரி சொகோல்னிகோவ் நிபந்தனைகளை விவாதிக்கவே மறுத்து, எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டுக் கையெழுத்திட்டார். போலந்து, லித்துவேனியா, கூர்லாந்து மூன்றும் கைநழுவின. எஸ்தோனியாவும் லிவோனியாவும் ஜெர்மன் காவலின்கீழ் வந்தன. உக்ரைனையும் பின்லாந்தையும் விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. கார்ஸ், அர்தஹான், பாத்தூமி பகுதிகளில் உதுமானியர் புகுந்தார்கள். பழைய பேரரசின் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், நிலக்கரிச் சுரங்கங்களில் பெரும்பகுதியும் போயின.

தூதரக உறவும் முறிவும்

மாஸ்கோவுக்கு ஜெர்மன் தூதராக வந்த வில்ஹெல்ம் ஃபான் மிர்பாக்கை, ஒப்பந்தத்தை எதிர்த்த இடதுசாரி சோஷலிசப் புரட்சியாளரான யாக்கோவ் புளூம்கின் ஜூலை 6 அன்று தூதரகத்துக்குள்ளேயே சுட்டுக் கொன்றார். உறவு அப்போதும் அறுபடவில்லை. ஆகஸ்ட் 27 துணை ஒப்பந்தத்தில் ரஷ்யா 600 கோடி மார்க் இழப்பீடு தர இசைந்தது. செப்டம்பரில் தங்கமும் பெர்லின் போய்ச் சேர்ந்தது.

அதே வேளையில், பெர்லினில் சோவியத் தூதராக இருந்த யோஃபே ஜெர்மன் புரட்சியாளர்களுக்குப் பணமும் பிரசுரமும் கொடுத்துக்கொண்டிருந்தார். நவம்பர் தொடக்கத்தில் பெர்லின் ரயில் நிலையத்தில் சோவியத் தூதரகப் பெட்டி ஒன்று உடைந்து துண்டறிக்கைகள் சிதறின. உடனே அவர் வெளியேற்றப்பட்டார். சில நாள்களில் பேரரசர் வில்ஹெல்மின் ஆட்சியே விழுந்தது. நவம்பர் 13 அன்று மாஸ்கோ ஒப்பந்தத்தை ரத்து செய்தது.

1919 வெர்சேல்ஸ் ஒப்பந்தத்தின் 116ஆம் பிரிவு, பிரெஸ்ட் உடன்படிக்கை செல்லாது என ஜெர்மனியை ஏற்க வைத்தது. ஜெர்மனியிடம் இழப்பீடு கோரும் ரஷ்யாவின் உரிமையையும் காத்து வைத்தது. 1922 ஏப்ரல் 16 அன்று இத்தாலியின் ரப்பல்லோவில், வெளியுறவு அமைச்சர்கள் வால்டர் ராதெனாவும் கியோர்கி சிச்செரினும் போர் இழப்பீட்டுக் கோரிக்கைகளை இருபுறமும் கைவிட்டு, முழுத் தூதரக உறவை மீட்டார்கள்.