பனியனில் இருக்கும் கோடுகளும் பந்தலில் கேட்ட பாட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

பிரிண்டிங் பட்டறை நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு படம் அனுப்பினார். கறுப்பு டீ-சர்ட்டில் மலைத்தொடர் போல வெள்ளைக் கோடுகள். "சார், வெளிநாட்டுக்காரங்க அடிக்கடி கேக்கற டிசைன். இது என்னதுங்க?" என்று கேட்டிருந்தார்.

அது ஒரு பல்சர் நட்சத்திரத்தின் ரேடியோ துடிப்புகளை வரைந்த படம். 1967ல் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி கண்டறிந்த நட்சத்திரம் அது. 1979ல் ஜாய் டிவிஷன் என்ற இசைக்குழு தன் முதல் இசைத்தட்டின் அட்டையில் அந்தப் படத்தைப் போட்டது.

அந்தக் குழு மான்செஸ்டர் பக்கத்துக்காரர்களுடையது. கோயமுத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோமே, அதே மான்செஸ்டர்தான். 1970களில் அங்கே பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, இளைஞர்கள் வேலை தேடி அலைந்த காலம். 1976 ஜூன் 4 அன்று லண்டனிலிருந்து செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற குழு வந்து ஒரு சின்ன அரங்கில் பாடியது. கேட்க வந்தவர்கள் சில டஜன் பேர்தான். அதில் இருந்த பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹூக்கும் தாங்களும் ஒரு குழு தொடங்கத் தீர்மானித்தார்கள். மறுநாளே ஹூக் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். அதற்கு முன் அவருக்கு வாசிக்கத் தெரியாது. இப்படிப் பிறந்த குழுக்களின் இசையைத்தான் பிற்பாடு 'போஸ்ட் பங்க்' என்றார்கள். அந்த ஒரு ராத்திரியைப் பற்றி ஒரு புத்தகமே வந்திருக்கிறது. "நானும் அங்கே இருந்தேன்" என்று சொல்பவர்களை எண்ணினால் அந்த அரங்கம் கொள்ளாது.

அதே 1976 மே மாதம் இங்கே 'அன்னக்கிளி' வெளியானது. இளையராஜாவை நாடே கேட்டது. அதற்குப் பல வருடம் முன்பே அவர் மேடையில் வாசித்தவர். அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாட, தம்பிகள் கூடவே ஊர் ஊராகப் போனார்கள். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் பாடிய பாட்டுகளைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, அன்றைய சேதியைச் சொல்லும் புதுச் சொற்கள். இதுதான் அவர்கள் வழி.

அந்த வழியில் வந்த பாட்டை நான் நேரில் கேட்டது 1984ல், நம் திருப்பூரில். பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்த வருடம். என் அண்ணன் கட்டிங்கில் இருந்தார். நான் வாத்தியார் வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான். என் ஒரு சம்பளத்தில் இரண்டு குடும்பம். அண்ணி தோட்டைக் கழற்றி அடகு வைத்தார்.

சாயங்காலமானால் பந்தலில் மூன்று பேர் பாடுவார்கள். ஒரு டோலக், ஒரு பழைய ஆர்மோனியம், கரகரக்கும் குழாய் ஸ்பீக்கர். முன்னால் நின்று பாடியவர் ஓவர்லாக் டைலர். அன்று பேச்சுவார்த்தையில் என்ன நடந்ததோ அது ராத்திரி பாட்டில் வந்துவிடும். கைமடிக்கும் பொண்ணுகள் கோரஸ் பிடிப்பார்கள். மறுநாள் நிலைமை மாறும், பாட்டும் மாறும். எதையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

அண்ணி ஒரு தடவை சொன்னார்: "பாட்டக் கேட்டாப் பசி போச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன் தம்பி. ஆனா நாளைக்கும் போகலாம்னு தோணும்." 127 நாள் தாக்குப்பிடித்ததற்கு இதைவிட நல்ல விளக்கத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

மான்செஸ்டரில் சில டஜன் பேர் கேட்டது வரலாறாயிற்று. இங்கே ஒரு தெருவே நின்று கேட்டது காற்றோடு போயிற்று. பாட்டில் ஒன்றும் குறைவில்லை. அங்கே யாரோ டிக்கெட்டைப் பத்திரப்படுத்தினார்கள், பாட்டை டேப்பில் பிடித்தார்கள், கேட்டவர்களைத் தேடிப்போய் விசாரித்தார்கள். நாம் செய்யவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அண்ணிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. இரண்டு பாட்டு மட்டும் அரைகுறையாக ஞாபகம் இருக்கிறது. அதைப் பேரன் செல்போனில் பதிவு செய்து வைத்திருக்கிறான்.

உங்கள் வீட்டிலும் அன்று பந்தலில் உட்கார்ந்தவர்கள் இருப்பார்கள். அப்பாவோ, பெரியம்மாவோ, பக்கத்து வீட்டுத் தாத்தாவோ. இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் கேளுங்கள். ஒரு அடிதான் வருகிறது என்றாலும் பதிவு செய்யுங்கள். எந்த மெட்டு, எந்த இடம், யார் பாடியது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். பழைய நோட்டீஸ், கேசட் பரணில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எனக்குச் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.