இரு குடியரசுகளின் கடற்போர்

முடியரசர்களே போரை நாடுவர். குடியரசுகள் தம்முள் நட்புப் பூண்டு வாழும் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் பொருந்துமா என்றறிய, பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கடல் வரலாற்றில் ஓர் ஏட்டைப் புரட்டிப் பார்ப்போம்.

டச்சுக் குடியரசு, ஸ்பெயின் மன்னரோடு 80 ஆண்டுகள் போராடி 1648-இல் தன் விடுதலையை நிலைநாட்டியது. இங்கிலாந்து, 1649-இல் முதலாம் சார்லஸ் மன்னனைச் சிரச்சேதம் செய்து குடியரசாயிற்று. சமயத்தில் இரண்டும் புராட்டஸ்டண்டு நாடுகள். இரண்டுக்கும் கடல் வாணிகமே உயிர்நாடி. நம் சோழமண்டலக் கரையிலும் பழவேற்காட்டில் டச்சுக்காரரும் சென்னையில் ஆங்கிலேயரும் கோட்டை கட்டி வாணிகம் நடத்தினர்.

1651-இல் ஆங்கிலத் தூதுவர் ஹேக் நகர் சென்று, இரு நாடுகளும் நெருங்கி இணைய வேண்டுமென்றனர். டச்சுக்காரர் விரும்பியதோ வாணிக ஒப்பந்தம் மட்டுமே. பெரிய நாட்டோடு இணைந்தால் அரிதிற் பெற்ற விடுதலை கரைந்துவிடும் என அவர்கள் அஞ்சினர். தெருவிலே மன்னர் கட்சியினரின் வசைமொழி கேட்ட தூதுவர் வெறுங்கையோடு மீண்டனர்.

அவ்வாண்டு அக்டோபரில் ஆங்கிலப் பாராளுமன்றம் கப்பற் போக்குவரத்துச் சட்டத்தை இயற்றியது. ஆசிய, ஆப்பிரிக்க, அமெரிக்கச் சரக்குகளை ஆங்கிலக் கப்பல்களே இங்கிலாந்துக்குக் கொணரலாம் என்றது அச்சட்டம். பிறர் சரக்கைச் சுமந்து செழித்த டச்சுக்காரருக்கு இது பேரிடியாயிற்று.

முதிய கவிஞர் யாக்கோபு காட்ஸ் தலைமையில் டச்சுத் தூதுக்குழு லண்டனில் சமாதானம் பேசிக்கொண்டிருந்தது. அப்பொழுதே, 1652 மே மாதத்தில், டோவர் அருகே பீரங்கிகள் முழங்கின. தம் கடலில் பிறநாட்டுக் கப்பல்கள் கொடி தாழ்த்தி வணங்க வேண்டும் என்பது ஆங்கிலேயர் கோரிக்கை. அதன் பொருட்டு டச்சுத் தளபதி திரோம்ப்புக்கும் ஆங்கிலத் தளபதி பிளேக்குக்கும் மூண்ட சண்டை பெரும் போராய் வளர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் திரோம்ப் வென்றார். ஆயினும் 1653-இல் ஆங்கிலேயரின் பெரிய கப்பல்களும் மிகுதியான பீரங்கிகளும் மேலோங்கின. டச்சுத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டன. வாணிகமும் மீன்பிடித் தொழிலும் முடங்கின. ஸ்கெவனிங்கன் போரில் திரோம்ப் வீழ்ந்தார்.

போரின் நடுவே கிராம்வெல் மீண்டும் இணைப்பை வேண்டினார். டச்சுத் தூதுவர் இசையவில்லை. 1654 ஏப்ரலில் வெஸ்ட்மின்ஸ்டர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. டச்சுக்காரர் கொடி வணக்கத்துக்கு உடன்பட்டனர். 1623-இல் அம்போய்னாத் தீவில் ஆங்கிலேயர் கொல்லப்பட்டதற்கும் பிற இழப்புகளுக்கும் ஈடு தர இசைந்தனர். இணைப்புப் பேச்சு கைவிடப்பட்டது. கப்பற் சட்டமோ நீங்கவில்லை.

மறைவாக இன்னொரு நிபந்தனையும் இருந்தது. சார்லஸ் மன்னனின் பேரனாகிய ஆரஞ்சுக் குடும்பத்து வில்லியத்துக்கு என்றும் தலைமைப் பதவி அளிப்பதில்லை என்று ஹாலந்து மாகாணம் உறுதி கூற வேண்டும் என்பதே அது. அப்பொழுது அவனுக்கு வயது மூன்று! மாகாணத் தலைவர் டி விட் அதனையும் நிறைவேற்றித் தந்தார்.

அச்சிறுவனே 1672-இல் டச்சு நாட்டின் தலைவனானான். 1689-இல் இங்கிலாந்தின் அரியணையும் ஏறினான். இரு குடியரசுகள் கூடி எய்த இயலாத இணக்கம், அவ்விரண்டும் அஞ்சி ஒதுக்கிய ஒருவனால் வந்தது. அரசின் வடிவம் ஒத்திருந்தால் மட்டும் நட்பு விளையாது. வாழ்வுக்குரிய தொழிலிலும் மானத்திலும் பிறர்க்கு இடம் விடும் பெருந்தன்மையும் வேண்டும் என்பதே இவ்வரலாற்றால் நாம் பெறும் பாடம்.