நகமும் பென்ஸிலும்

ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பைப் பார்க்கப் போயிருந்தேன். வயது முதிர்ந்த மேஸ்திரி ஒருவர், மெருகேற்றி உலர்த்தியிருந்த கறுப்புத் தோல் ஒன்றை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறினார். பிறகு சுட்டுவிரலை நாக்கில் தொட்டு, பக்கத்தில் நாலைந்து தடவை தேய்த்தார். கடைசியில் தோலை நாலாக மடித்து அழுத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நிற்கும், ஸார்!" என்றார்.

கீறிப் பார்த்துக் கடினத்தை அறிவது பழைய வித்தைதான். 1812ல் மோஸ் என்ற ஜெர்மானியர் கனிமங்களை ஒன்றால் ஒன்று கீறி, ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். அந்தக் கணக்கில் நம் நகத்தின் இடம் சுமார் இரண்டரை. வர்ணப் பூச்சுக்காரர்களோ பென்ஸிலைப் பிடித்துக்கொண்டார்கள். மிருதுவான 6பி முதல் உறுதியான 6எச் வரை பென்ஸில்களை 45 பாகைச் சாய்வில் பூச்சின்மேல் அழுத்தித் தள்ளுவார்கள். கீறல் விழச் செய்யாத பென்ஸில்களில் எது மிக உறுதியானதோ, அதுவே அந்தப் பூச்சின் கடினம்.

"நீங்கள் பென்ஸில் வைத்துப் பார்ப்பதில்லையா?" என்று என் படிப்பைக் காட்டிக்கொண்டேன்.

மேஸ்திரி சிரித்தார். "அது தகரத்துக்குச் சரி, ஸார். இங்கே அடியிலே இருக்கிறது தோலாச்சே! அமுக்கினால் பூச்சும் தோலும் சேர்ந்தே அமுங்கும். ரொம்பக் கெட்டியாப் பூசினால் மடிக்கிற இடத்திலே விரிசல் விட்டுடும்."

வேலூர்ப் பக்கத்துத் தோல்காரர்களுக்கு நெடுங்காலம் இந்தக் கவலையே இருந்ததில்லை. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடுக்காய் நீரில் போட்டு, எண்ணெய் தடவி உலர்த்தினால் அவர்கள் வேலை முடிந்தது. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல்கள் 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரோடு லண்டனுக்குக் கப்பலேறின. முதல் உலக யுத்தத்தில் அந்த வகைத் தோல்தான் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலாயிற்று. வர்ணம் பூசுவதும், மெருகு போடுவதும், அதைச் சோதிப்பதும் அங்கே. அந்த வேலைக்கு உரிய லாபமும் அங்கேதான்.

1972ல் சீதாராமையா கமிட்டி கூடியது. அடுத்த வருஷம் பச்சைத் தோல் ஏற்றுமதி நின்றது. பாதி பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு வந்தது. பாதி வேலை செய்தே பிழைத்த ஊர்கள் மீதிப் பாதியைக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. 1948ல் சென்னை அடையாற்றில் அஸ்திவாரம் போட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் கைகொடுத்தது.

பூச்சோடு சோதனையும் வந்து சேர்ந்தது. பாலின் கேஸினில் குழைத்த வர்ணம் பளபளக்கும். சரியாகப் பக்குவப்படுத்தாவிட்டால் ஈரம் பட்டதும் கையோடு வரும். அதைக் கண்டுபிடிக்கத்தான் மேஸ்திரி விரலை நாக்கில் தொட்டார். 'வெஸ்லிக்' என்ற யந்திரம் செய்வதும் அதுவே. ஒரு கிலோ பாரத்தில், நனைந்த கம்பளித் துண்டு நிமிஷத்துக்கு 40 தடவை போய்வந்து தேய்க்கிறது. மடித்துப் பார்ப்பதற்கு 'பாலி' யந்திரம் இருக்கிறது. செருப்புக்குப் பேர்போன ஸ்விஸ் கம்பெனியின் பெயர். நிமிஷத்துக்கு 100 மடிப்பு. 50,000 மடிப்புக்கு எட்டு மணி இருபது நிமிஷம்!

"உங்கள் விரல் போதாதா? இத்தனை யந்திரம் எதற்கு?" என்று கேட்டேன், அவரைச் சந்தோஷப்படுத்தும் எண்ணத்தோடு.

அவர் சந்தோஷப்படவில்லை.

"எங்க அப்பா காலத்திலே, லண்டனிலே ஒருத்தன் தடவிப் பார்த்து 'மட்டம்'னு சொன்னால் மட்டம்தான். அவன் விரலுக்கு நாம பதில் சொல்ல முடியுமா? இப்போ எத்தனை மடிப்புன்னு முதல்லேயே பேசிக்கிறோம். குறை சொன்னால் சீட்டை நீட்டலாம், ஸார்."

சொல்லிவிட்டு, அந்தக் கறுப்புத் தோலிலிருந்து ஒரு துண்டை நறுக்கிப் பரிசோதனை அறைக்கு அனுப்பினார்.