பழைய லோரியில் டீசல் கசிகிறதா? காலி டேங்கியில்தான் ஆபத்து அதிகம்

கிள்ளான் துறைமுகத்துக்கும் ஷா ஆலாம், பூச்சோங், ரவாங் கிடங்குகளுக்கும் இடையே ஓடும் லோரிகளில் பல, கை மாறி வந்த பழைய வண்டிகள். சிறு முதலீட்டில் சரக்குத் தொழில் தொடங்குவோர் பெரும்பாலும் இத்தகைய வண்டியைத்தான் வாங்குகின்றனர். இஞ்சின், கியர், டயர் எல்லாவற்றையும் பார்த்து வாங்குபவர்கள்கூட டீசல் டேங்கியைக் குனிந்து பார்ப்பதில்லை. நிறுத்திய இடத்தில் டீசல் சொட்டியிருப்பதைக் கண்ட பிறகுதான் அதன் நினைவு வருகிறது.

வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் கசிந்தால் ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல் வீணாகும். 30 நாளில் அது சுமார் 130 லிட்டர். தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10ஆம் தேதி டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. அந்த விலையில் கணக்கிட்டால் மாதம் 430 ரிங்கிட்டுக்கு மேல் தரையில் போகிறது. பண இழப்பு ஒருபுறம் இருக்க, சாலை வளைவில் சிந்திய டீசல் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டியைச் சறுக்கி விழச் செய்யும். மழை பெய்தால் வழுக்கல் இன்னும் மோசமாகும்.

கசிவு எங்கிருந்து வருகிறது?

டீசல் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. மேலே கசிந்து, பக்கவாட்டில் வழிந்து, அடியில் சொட்டும். டேங்கியைத் துணியால் நன்றாகத் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினால் முதலில் நனையும் இடம் தெரிந்துவிடும்.

டேங்கியை நிறைத்ததும் கசிந்து, பாதியானதும் நின்றுவிட்டால் கோளாறு மேற்பகுதியில் இருக்கிறது. டீசல் அளவு காட்டும் மிதவையின் கேஸ்கெட், மூடி, ரப்பர் குழாய்களின் கிளிப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எப்போதும் கசிந்தால் அடியிலுள்ள வடிகால் திருகின் வாஷரையும் ஒட்டுகளையும் பார்க்க வேண்டும். டேங்கியை இழுத்துப் பிடிக்கும் இரும்புப் பட்டைக்குக் கீழேயும் பார்ப்பது அவசியம். பட்டைக்கு அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தால் இரும்போடு இரும்பு உரசும். அங்கே தேங்கும் மழைநீர் துருவை வளர்க்கும்.

துரு உள்ளிருந்தும் வரும். பாதி காலியான டேங்கியில் காற்றின் ஈரம் நீராகி அடியில் தங்குகிறது. நீர் டீசலைவிடக் கனமானது. மலேசியாவில் 2019இல் போக்குவரத்து டீசலில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பயோடீசல் ஈரத்தை அதிகம் ஈர்க்கும்; பழைய வகை ரப்பர் குழாய்களை ஊதி இளக வைக்கும். பழைய லோரியின் குழாய்களையும் மாற்றச் சொல்வதற்கு இதுவே காரணம்.

அவசரத்துக்கு என்ன செய்யலாம்?

நடுவழியில் ஊசித் துளையில் கசிந்தால், குளியல் சோப்பை அழுத்தித் தேய்த்து அடைத்துப் பட்டறை வரை போகலாம். டீசல் டேங்கிக்கென விற்கும் எபோக்சி பசை இன்னும் சில நாள் தாங்கும். இரண்டுமே தற்காலிகம். டீசலை வடிக்கும்போது குழாயில் வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. சிறிதளவு நுரையீரலுக்குள் போனாலும் கடுமையான அழற்சி ஏற்படும். அப்படி விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வடித்த டீசலைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது.

வெல்டிங் செய்யும் முன்

“டீசல்தானே, பெட்ரோல் போலத் தீப்பிடிக்காது. அதுவும் டேங்கி காலி” என்ற நினைப்பே உயிரைப் பறிக்கும். டீசல் ஏறக்குறைய 55 முதல் 60 பாகை செல்சியஸுக்கு மேல் சூடானால் தீப்பற்றக்கூடிய ஆவி எழும்பும். வெல்டிங் சூடு அதைவிடப் பல மடங்கு அதிகம். நிறைந்த டேங்கியில் காற்றுக்கு இடம் குறைவு. காலி டேங்கியிலோ மடிப்பிலும் துருவிலும் ஒட்டியிருக்கும் டீசல் ஆவியாகிக் காற்றோடு கலக்கும். ஒரு பொறி பட்டால் டேங்கி வெடிகுண்டாகிவிடும். தண்ணீரால் கழுவினால் மட்டும் இந்த ஆபத்து நீங்காது.

எனவே டேங்கியை லோரியிலிருந்து கழற்றி, டேங்கி பழுது பார்த்துப் பழகிய பட்டறையில் கொடுப்பதே சரி. அங்கே நீராவியாலோ சோப்புக் கரைசல் கலந்த வெந்நீராலோ சுத்தம் செய்து, ஆவி இல்லை என்று கருவியால் சோதித்து, நைட்ரஜன் போன்ற வாயுவை நிரப்பிய பிறகே வெல்டிங் செய்ய வேண்டும். இந்தப் படிகளைக் கேட்டு உறுதிசெய்வது உரிமையாளரின் பொறுப்பு. பழுது பார்த்த பின் குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றி, ஒட்டில் சோப்பு நீர் தடவிப் பார்ப்பார்கள். டயருக்குக் காற்றடிக்கும் அழுத்தத்தை ஏற்றினால் டேங்கியே பிளந்துவிடும்.

ஒரே இடத்தில் அடிபட்ட துளை என்றால் ஒட்டலாம். உள்ளே துரு செதில் செதிலாக உதிர்ந்தாலோ, திருப்புளியால் அழுத்தும்போது தகடு உள்வாங்கினாலோ, ஒட்டுப்போடும் காசு வீண். ஓர் இடத்தை அடைத்தால் அடுத்த இடம் திறக்கும். உதிரும் துரு ஃபில்டரை அடைத்து இஞ்சினைத் திணற வைக்கும். அப்போது மாற்று டேங்கி வாங்குவதே இலாபம்.

லோரி வாங்கும் முன்பே டேங்கியை நிறைத்து, ஓர் இரவு நிறுத்தி, அடியில் அட்டை விரித்துப் பார்ப்பது நல்லது. டேங்கியில் புதிதாகப் பூசிய கறுப்புச் சாயத்தைக் கண்டால் அதற்கடியில் என்ன இருக்கிறது என்று தட்டிப் பார்க்க வேண்டும். சரக்கு லோரிகள் 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டியவை. பழைய உரிமையாளர் மறைத்த கசிவுக்கு அங்கே பதில் சொல்ல வேண்டியவர் புதிய உரிமையாளர்தான்.